தனுஷ்கோடி மணல் தெரியும்... காஷ்மீர் பனி? லாரி டயருக்கு எந்த சங்கிலி சரி?

2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன்பு, தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டியவர்களுக்கு ஒரு வித்தை அத்துபடி. மணலில் சக்கரம் புதைந்தால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார்கள். டயர் அகலமாகப் பதியும், வண்டி ஏறி வந்துவிடும்.

ஆனால், ராமநாதபுரத்தில் லோடு ஏற்றி, மதுரை போய் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து காஷ்மீர் வரை செல்லும் டிரைவருக்கு இந்த வித்தை கைகொடுக்காது. ஏன்?

மணல் வேற, பனி வேற!

மணலில் பிரச்னை, சக்கரம் புதைவது. இறுகிய பனியிலும் ஐஸிலும் பிரச்னை, பிடிமானமே இல்லாதது. உலர்ந்த தார் சாலையில் உராய்வு அளவு சுமார் 0.7 என்றால், ஐஸில் சுமார் 0.1தான். காற்றை இறக்கினாலும் ஐஸை ரப்பர் கவ்வாது. இரும்புதான் கவ்வும்.

என்னென்ன இருக்கு?

* இரும்புச் சங்கிலி: ஆழமான பனி, ஐஸ், மலை ஏற்றம் மூன்றுக்கும் நம்பகமானது. கனம் அதிகம், மாட்டுவதும் சிரமம்.
* கேபிள் சங்கிலி: எடை குறைவு. லேசான பனிக்கு ஓகே. பாரம் ஏற்றிய லாரி மலை ஏற இது போதாது.
* துணி உறை: டயருக்கு சாக்ஸ் மாதிரி. சீக்கிரம் மாட்டலாம். ஆனால், பனி இல்லாத ரோட்டில் ஓட்டினால் கிழிந்துவிடும்.
* தானியங்கி சங்கிலி: சுவிட்ச் போட்டால் போதும், சங்கிலித் துண்டுகள் சக்கரத்துக்கு அடியில் சுழன்று விழும். ஆழமான பனியில் உதவாது.

அப்போ எதை வாங்குவது? பாரத்தோடு மலை ஏறும் நம்ம ஊர் லாரிக்கு இரும்புச் சங்கிலிதான் சரி. பின்பக்கம் ஜோடி டயர் என்பதால், இரண்டையும் சேர்த்து மூடும் வகை இன்னும் நல்லது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவு எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். அளவு தளர்ந்தால் சங்கிலி கழன்று பிரேக் ஹோஸையே அறுத்துவிடலாம்.

எந்த சக்கரத்தில் மாட்டணும்?

இன்ஜின் சக்தி போகும் சக்கரத்தில்தான். டம்மி ஆக்சிலில் மட்டும் மாட்டினால் வண்டி நகராது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். மணிக்கு 50 கி.மீ-க்கு மேல் போகவே கூடாது. தார் ரோடு தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டயரும் போகும், சங்கிலியும் போகும்.

சங்கிலி இருந்தா விட்டுடுவாங்களா?

உறுதியில்லை. பனி கொட்டும் நாட்களில் சோஜிலா கணவாய் போன்ற இடங்களில், 4x4 அல்லது சங்கிலி மாட்டிய வண்டிகளை மட்டும் போலீஸ் அனுமதிப்பது வழக்கம். கனரக வாகனங்களை மொத்தமாக நிறுத்தி வைப்பதும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 மலைப்பாதையில் செல்லும் சரக்கு லாரிகள், செப்டம்பர் முதல் மே வரை சங்கிலி கையில் வைத்திருப்பது கட்டாயம்.

இதில் முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சங்கிலி வாங்கும் செலவு யாருடையது? பள்ளத்தாக்கு ஓரம் ஓட்டுவது டிரைவர். வண்டியும் வாடகையும் ஓனருடையது. டீசல், டோல் கணக்கோடு சங்கிலியும் ஓனர் கணக்கில் வருவதுதான் நியாயம்.

டிரைவர் அண்ணன்களுக்கு ஒரு விஷயம்: சங்கிலி மாட்டுவதை ஊரிலேயே, ஷெட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போகும் குளிரில், நடுரோட்டில் கற்றுக்கொள்ள முடியாது.