உம்மும்மாவின் உம்மாவுக்குப் பெயர் என்ன?



உங்கள் வாப்பாவின் வாப்பா பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அவருடைய வாப்பாவின் பெயரையும் வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லித் தருவார். ஆனால் உம்மும்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். "மாவனல்லையிலிருந்து கட்டி வந்தவ", "பலாங்கொடைப் பக்கத்து ஆள்" என்று ஊர்தான் வரும், பெயர் வராது. நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர் நான்கே தலைமுறையில் பெயரில்லாமல் போய்விடுகிறார்.

வம்சப் பெருமை பேசுவதை மார்க்கம் வெறுக்கிறது. அதே நேரம், இரத்த உறவைச் சேர்ந்து நடப்பதற்கு வேண்டிய அளவு நம் வம்சத்தை அறிந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். யார் யாருக்கு வாரிசு, யாருடைய ஹக் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் வம்சம் தெரிந்தால்தான் தெரியும். சப்ரகமுவையில், அதாவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், இப்படி மறைந்துபோன ஒரு மூதாட்டியைப் பழைய பதிவுகளில் எப்படித் தேடுவது என்று இம்மாதம் பார்ப்போம்.

பலரும் முதலில் நினைப்பது குடிசன மதிப்பீட்டைத்தான். இலங்கையில் முறையான முதல் மதிப்பீடு 1871 இல் நடந்தது. அன்றைய மொத்தத் தொகை ஏறக்குறைய 24 இலட்சம். அதன் பிறகு பெரும்பாலும் பத்து ஆண்டுக்கொரு முறை எண்ணினார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களைப் புரட்டினால் கிடைப்பது எண்கள் மட்டுமே. எந்த மாவட்டத்தில் எத்தனை சோனகர், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று இருக்கும். ஆளின் பெயர் அச்சில் வராது.

அந்த எண்களிலும் ஒரு கவனம் தேவை. 1911 மதிப்பீடு "இலங்கைச் சோனகர்", "இந்தியச் சோனகர்" என்று நம்மவர்களை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. 1963 இல் சுமார் 55,000 பேர் இந்தியச் சோனகர் எனப்பட்டார்கள். 1971 இல் அந்தத் தொகை 30,000க்கும் கீழே இறங்கிவிட்டது. நாட்டை விட்டுப் போனவர்கள் உண்டு. இங்கேயே இருந்து, பகுப்பு மாறியவர்களும் உண்டு. ஆகவே, தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்த உங்கள் பாட்டனார் ஒரு மதிப்பீட்டில் ஒரு வரியிலும் அடுத்ததில் வேறு வரியிலும் எண்ணப்பட்டிருக்கலாம். குடிசன மதிப்பீடு ஊரின் நிலையைச் சொல்லும். ஆளைத் தேட வேறு பதிவுகளுக்குத்தான் போக வேண்டும்.

கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் எழுதி வைத்த தோம்புகள் உண்டு. சப்ரகமுவையின் பெரும்பகுதியோ 1815 வரை கண்டி இராச்சியத்தோடு இருந்தது. அங்கே முஸ்லிம்கள் பலர் "மடிகே" என்னும் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பகுதியில் அரசனுக்கு ஊழியம் செய்து, அதற்காகக் காணி அனுபவித்தார்கள். விகாரை, தேவாலயக் காணிகளில் ஊழியத்துக்கு இருந்த குடிகளின் பங்குகளை 1870 ஆம் ஆண்டின் ஊழியக் காணிச் சட்டத்தின்படி கிராமம் கிராமமாகப் பதிந்தார்கள். 1892 இல் ஒழிக்கப்பட்ட நெல் வரிக்காகவும் வயல்களை எழுதி வைத்தார்கள். பழைய கச்சேரி ஏடுகளுக்குக் கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். அவற்றில் ஏக்கரைத் தேடாதீர்கள். அமுணம், பேளை, குறுணி என்று விதைப்பளவுதான் இருக்கும். பத்துக் குறுணி ஒரு பேளை, நான்கு பேளை ஓர் அமுணம்.

நம் வீட்டாருக்கு அதிகம் கைகொடுப்பது காணி உறுதிதான். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்திற்குப் பிறகு, காணி கைமாறுவதானால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதியாக வேண்டும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் காணிப் பதிவகங்கள் இருக்கின்றன. உங்களிடமுள்ள உறுதியின் இலக்கத்தையும் பதிவு ஏட்டின் பக்கத்தையும் கொண்டுபோய்க் கட்டணம் செலுத்தினால் ஏட்டைத் தேடிப் பார்க்கலாம். அந்த உறுதி தனக்கு முந்திய உறுதியைச் சொல்லும். அதிலிருந்து அதற்கும் முந்தியது. இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்க வேண்டும்.

சகோதரிகளே, பெண்கள் இந்த உறுதிகளில் பெரும்பாலும் பெயராகத் தெரிய மாட்டார்கள். பங்காகத் தெரிவார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகிய மூவரை விட்டு மவுத்தாகிறார். நமது வாரிசுச் சட்டப்படி சொத்தை 24 ஆகப் பிரித்தால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. சில ஆண்டுகள் கழித்து மகன் எழுதிக் கொடுக்கும் உறுதியில் "வாப்பா வழி முதுசமாக எனக்குள்ள 24 இல் 14 பங்கு" என்று இருந்தால், மீதி பத்துப் பங்கு யாருடையது? அங்கே ஒரு விதவையும் ஒரு சகோதரியும் நிற்கிறார்கள் என்பதுதான் அதற்கு மிக எளிய விளக்கம். உறுதியில் அவர்கள் பெயர் இல்லாவிட்டாலும் கணக்கில் இருக்கிறார்கள். சுருக்கி "12 இல் 7" என்று எழுதியிருந்தாலும் கணக்கு அதுவேதான்.

அந்த ஏழு பங்கு பிறகு எங்கே போனது என்று தேடுங்கள். அவர் விற்றிருந்தால், அல்லது தம் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதியிருந்தால், அங்கே அவருடைய பெயர் நிச்சயம் இருக்கும். காணி பங்கு பிரிக்கும் வழக்குக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது. அத்தகைய வழக்கில் வம்ச வரிசையை வாதி எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றக் கோவைகளில் அந்த வரிசை படமாகவே வரையப்பட்டிருப்பதுண்டு.

காணியில் கிடைக்காதவரைப் பிள்ளைகள் வழியாகத் தேடலாம். பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் சட்டமானது. ஆரம்ப காலத்தில் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். ஆயினும் ஒரு பிள்ளையின் பதிவாவது இருந்தால் உம்மாவின் பெயர் அதில் இருக்கும். மூத்த பிள்ளைக்கு இல்லாவிட்டால் இளைய பிள்ளைக்குத் தேடுங்கள். முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்குத் தனிச் சட்டம் 1886 இல் வந்தது. பதியாத நிக்காஹும் செல்லும் என்பதால் பல நிக்காஹ்கள் ஏட்டில் ஏறவில்லை. எழுத்துக் கூட்டலிலும் ஏமாந்துவிடாதீர்கள். ஒரே காதர் ஓர் ஏட்டில் காதர், மற்றதில் காதிர், இன்னொன்றில் காசர். பாத்திமா என்பவர் பாத்தும்மா ஆகியிருப்பார். பெயரோடு ஊரும் வாப்பா பெயரும் ஒத்துவந்தால் மட்டுமே அவர் நம்மவர் என்று கொள்ள வேண்டும்.

மூதாதையின் ஒரு பதிவு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை அறியத் தோட்டத்து மக்களைப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, ஒருவர் இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. வாப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது வாப்பாவின் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கிருந்து வரும்? கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பிரஜை அல்ல என்று மறுத்துவிட்டார்கள். அந்த வழக்கு 1951 இல் உயர் நீதிமன்றத்திலும், 1953 இல் இலண்டன் கோமறைக் கழகத்திலும் அவருக்குப் பாதகமாகவே முடிந்தது.

உம்மா இங்கே பிறந்தாரா என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. மணமுடித்த தம்பதியரின் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை கிடைக்கும் என்று சட்டம் திருந்தியது 2003 இல்தான்.

இனி வீட்டுக்குள் வாருங்கள். பழைய கிதாபுகளின் முதல் தாளையும் கடைசித் தாளையும் பாருங்கள். பிள்ளை பிறந்த நாளை அங்கே அரபுத் தமிழில் குறித்து வைக்கும் வழக்கம் நம்மவர்களுக்கு இருந்தது. ஹிஜ்ரி ஆண்டானால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 1300 பிறந்தது 1882 நவம்பரில். சந்திர ஆண்டு 11 நாள் அளவு குறைவு என்பதால், 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 32 ஆங்கில ஆண்டாகும். படிக்கத் தெரியவில்லை என்று கிதாபைக் கிணற்றில் போட்டுவிடாதீர்கள். ஊர் மத்ரஸாவில் காட்டுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேடிப் போகிறவர் சிலவேளை தமக்கு விருப்பமில்லாததையும் காண நேரும். 24 இல் 7 பங்குடைய அந்தச் சகோதரி விற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆனாலும் முழுக் காணியும் நம் பாட்டனார் கைக்கு வந்திருக்கிறது என்று ஏடு காட்டலாம். நாட்டுச் சட்டத்தில் 1871 இலிருந்து பத்தாண்டு ஆட்சி என்ற ஒரு விதி உண்டு. கூட்டுப் பங்காளிகளுக்குள் அது எளிதில் செல்லாது என்றாலும், மூன்று தலைமுறை கழித்து நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வழக்கைப் பொறுத்தது. அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மார்க்கத்தில் மற்றவர் ஹக் காலம் கடந்ததால் நமக்கு ஹலாலாகிவிடாது. அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அல்லது அவர்கள் மனமார விட்டுத்தரக் கேட்டு, உறவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் உம்மா இருக்கிறாரா? இந்தக் கிழமையே ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். உம்மாவின் பெயர், உம்மும்மாவின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், உடன்பிறந்தார், காணியின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். கச்சேரி ஏடு அடுத்த வருடமும் இருக்கும். இந்த உம்மா இருப்பாரா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

வஸ்ஸலாம்.