பின்பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு

கோலகுபு பாருவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் கெர்லிங்கைக் கடப்பவர்கள் பெரும்பாலும் வெந்நீர் ஊற்று எங்கே என்று விசாரிப்பதோடு சரி. சாலையோரத் தோட்டங்களில் ஊன்றியிருக்கும் சிறு பலகைகளை நின்று வாசிப்பவர் எவருமில்லை. இன்ன நம்பர், இவ்வளவு பரப்பு, இன்ன வருஷம் நட்டது என்பதற்கு மேல் அப்பலகையில் எதுவும் இராது. ஆயினும் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது ஒரு ஜாதகம். ரப்பர் நின்ற காலத்தில், எந்த வருஷம் பால்வெட்டத் தொடங்குவது, எந்தப் பக்கத்துப் பட்டையை எத்தனை வருஷம் வெட்டுவது, வெட்டிய இடத்தில் மறுபட்டை தேற எவ்வளவு காலம் விடுவது, முப்பது வயதையொட்டி மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வது எப்போது என்பதெல்லாம் கன்று ஊன்றும்போதே ஏறத்தாழ நிச்சயமாகிவிடும். இன்று செம்பனைக்கும் அவ்வாறே. அந்த ரப்பர் மரத்தில் பால்வெட்டியவன், அது சாயும் வருஷத்தை அறிந்திருந்தானே தவிர, அந்த வருஷத்தில் தான் எங்கே நிற்பான் என்பதை அறிந்திருக்கவில்லை.

அவனுக்கும் ஒரு திட்டம் இருக்கத்தான் செய்தது. அதை வகுத்தவன் அவனல்லன், அவ்வளவுதான். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, பிறகு வாளியும் அதைச் சுமக்கும் காண்டாத் தடியும், வெட்டவேண்டிய நிரை, பால் நிறுவை, மாதம் முடிந்தால் சம்பளம், சம்பளம் வந்த மாலையே கடைக்காரருடைய கணக்கு. குடியிருந்த லயம் நிர்வாகத்தினுடையதாகையால், வேலை ஓய்ந்த நாளில் வீடும் ஓய்ந்தது. இப்படிப்பட்டவனை மண்டபத்தில் உட்கார்த்தி, உன் வாழ்க்கை உன் கையில் என்று பிரசங்கம் செய்வது பாதி உபதேசம், பாதி பரிகாசம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எல்லாம் துரையும் கிராணியும் செய்த வினை, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று சாய்ந்துகொள்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குச் சரித்திரமே இடங்கொடுக்கவில்லை.

மலாயா சுதந்திரமடைந்ததையொட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டுச் சில்லறையாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்று எல்லோரும் அஞ்சிப் பேசிய அந்த வியாபாரத்தில், தொழிலாளி வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தான். மறியலும் மகஜரும் ஒருபுறம் இருக்க, அப்போது அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன், தாமே சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டக்காரர் ஒருவரின் புதல்வர், விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்வெட்டுக் கூலியில் அது சிறு தொகையன்று. ஆயினும் அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார், ஜனங்களும் கட்டினார்கள். மறுவருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. கோலாலம்பூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் விஸ்மா கட்டடத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மாதாந்தரப் பத்து வெள்ளிதான். தனி மனிதனின் பிரயத்தனம் கூட்டாகச் சேர்ந்தாலன்றி எட்டாத காரியங்கள் உண்டு. ஆனால் அந்தக் கூட்டுக்கும் சம்பள நாளன்று ஒவ்வொருவனும் தனித்தனியே எடுத்துவைக்கும் பணம் வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லக் கசப்பாயிருக்கிறது. சுதந்திரம் வந்த 1957 ஆகஸ்டு 31 முதல் ஒரு வருஷத்துக்குள் குடியுரிமைக்கு மனுச்செய்வோரில் பலருக்கு மலாய் மொழிப் பரீட்சை இல்லை என்ற சலுகை இருந்தது. எத்தனையோ பேர் எழுதிப் போட்டார்கள். எத்தனையோ பேர், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்கள். 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்து, குடியுரிமை இல்லாதவன் அனுமதிச்சீட்டு இல்லாமல் வேலை செய்யலாகாது என்றானபோது, கப்பலேறிய குடும்பங்கள் பல. அறியாமையும், வழிகாட்ட ஆளின்மையும், நாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போவோம் என்ற பழைய கனவும் காரணங்களே. சோம்பல் என்று ஒரே சொல்லில் அவர்களை அடக்கிவிடுவது நியாயமாகாது. ஆனாலும் ஒரு தாளை உரிய காலத்தில் நிரப்பியவன் பிள்ளைக்கும் நிரப்பாதவன் பிள்ளைக்கும் இடையே விழுந்த இடைவெளி மூன்று தலைமுறை கடந்தும் முற்றாகத் தூர்ந்தபாடில்லை.

நாளைக்கென்று முன்கூட்டியே எழுதிவைத்தவர்களும் உண்டு. கெர்லிங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டிய அப்படிப்பட்ட அம்மாள் ஒருவரை எனக்குத் தெரியும். கடன் வாங்கும் வீடுகளில் எல்லாம் ஒரு 555 புத்தகம் இருக்கும். உள்ளங்கையில் அடங்குவது, கடைக்காரர் அதில் அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு என்று எழுதிக்கொண்டே போவார். அம்மாள் வீட்டிலும் இருந்தது. ஆனால் அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு எழுதிவந்தார். இன்னும் ஆகாத செலவுகளின் கணக்கு அது: ஜனவரியில் பள்ளிக்கூடத்துச் சட்டை, மூத்தவளின் பரீட்சைக் கட்டணம், மூன்று வருஷம் கழித்து வீட்டு மனைக்கு முன்பணம். ஒவ்வொன்றின் எதிரிலும் மாதாமாதம் சேர்ந்த தொகை, ஐந்து வெள்ளி, எட்டு வெள்ளி. எழுத்துப் பிழை ஏராளம், கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. சேமநிதிக் காசு ஐம்பத்தைந்து வயதில்தான் வரும், அதற்குள் மரம் சாய்ந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்.

முன்பக்கத்துக் கடனும் பின்பக்கத்துக் கணக்கும் ஒரு வருஷம் புத்தகத்தின் நடுவில் ஒரே தாளில் வந்து முட்டிக்கொண்டன. அம்மாள் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு புத்தகம் வாங்கினார். ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, மற்றொன்றை முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.