கைக்கு அடக்கமான பொய்

“ஃப்ளாட்டில் இருக்கிறோம், இருவரும் வேலைக்குப் போகிறோம். அதனால் சின்ன நாயாகப் பார்க்கிறோம்.” நாய் வாங்கப் புறப்படும் நகரத்துக் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு பாமா, பக்கா, ஷிட்ஸுவா என்று விவாதம் நடக்கும். பாமுக்கு முடி கொட்டும், பக் சோம்பேறி, ஷிட்ஸு குரைக்காது என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். எல்லாத் தீர்ப்புக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: உருவம் சிறுத்தால் பொறுப்பும் சிறுக்கும். இது தவறான நம்பிக்கை மட்டுமில்லை, கொடுமையான நம்பிக்கையும்கூட. அதன் விலையை நாய் தன் உடம்பால் கொடுக்கிறது.

பக்கிலிருந்தே தொடங்கலாம். 2003-இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனது ஒரு பக். அதன் பிறகு இனத்தின் பெயர் தெரியாதவர்களும் “ஹட்ச் நாய்” வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். சப்பை மூக்கும் உருண்டைக் கண்ணும் பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூக்குக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக்கின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கியதில் எலும்பு குறுகியது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. ஒடுங்கிய நாசித்துளையும் தொண்டையை அடைக்கும் நீண்ட அண்ணமும் சேர்ந்து மூச்சை மறிக்கின்றன. “மனுஷன் மாதிரியே குறட்டை விடுகிறது” என்று சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறோமே, அந்தச் சத்தம் பல பக்குகளுக்குக் காற்று போதாமல் வருவது. காற்றில் ஈரம் நிறைந்த சென்னையின் மே மாதத்தில், ஒழுங்கான மூக்குள்ள நாயே திணறும். சுற்றிலும் ஈரமிருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். பக்கின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நாய் பிடிக்காதவர்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. நெதர்லாந்தில், மூக்குப் பகுதி மண்டைப் பகுதியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாய்களை இனவிருத்தி செய்யக் கூடாது என்று 2019-இல் விதி வகுத்தார்கள். மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே உருவான கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் இனத்தில் இதய வால்வு நோயும், மூளைக்கு மண்டையோடு போதாமல் வரும் நரம்பு வேதனையும் பரவலாக இருக்கின்றன. அந்த இனத்தை இப்படியே பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் பக்கும் இடம்பெற்றிருந்தது. நாய் வளர்ப்புச் சங்கங்கள் அதை எதிர்த்தன. அந்தப் பட்டியலோடு ஒருவர் முரண்படலாம். ஆனால் பக் என்றால் தொந்தரவில்லாத நாய் என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

“சரி, பக் வேண்டாம், பாம் வாங்குவோம்” என்பார்கள். நம்மூரில் பாம் என்று பல வீடுகளில் வளர்ந்தது உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். ஐந்தாறு கிலோ எடையில், நம் வெயிலுக்குப் பழகிய கெட்டியான நாய் அது. இன்று “டாய் பாம்” என்று விற்கப்படுவது வேறு, அது பொமரேனியன். முன்பு பொமரேனியனும் இவ்வளவு சிறியதாக இருந்ததில்லை. விக்டோரியா ராணி 1888-இல் இத்தாலியிலிருந்து தன் பாமைக் கொண்டுவந்த பிறகுதான் இங்கிலாந்தில் சிறிய பாம்களுக்கு மவுசு கூடி, அந்த இனம் சிறுத்துக்கொண்டே வந்தது. இப்போது மூன்றரைக் கிலோவைத் தாண்டினால் பெரிய பாம். சிவாவா என்ற இனத்துக்கு மூன்று கிலோதான் எல்லை.

அந்த மூன்று கிலோவுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முழங்கால் சில்லு இடம் விலகும். மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்து கத்துவது போல இருமும். முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான். சோபாவிலிருந்து குதித்தாலே முறியலாம். அந்த எலும்பின் கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிந்தது கூடவும் நாளாகும். சின்னத் தாடையில் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் ஈறு நோய் சீக்கிரம் வரும், பல் தேய்த்துவிட வேண்டும். ஷிட்ஸு, லாசா என்றால் தினமும் சீவிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்கு விழுந்த முடிக்குள் உண்ணி குடியேறிவிடும். நம்மூர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் எவ்வளவு சகஜம் என்பதை எந்தக் கால்நடை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். பெரிய நாய் தின்றுவிட்டுச் சமாளித்துவிடக்கூடிய ஒரு துண்டு சாக்லேட், இரண்டு கிலோ நாய்க்கு ஆஸ்பத்திரிச் செலவு. ஆக, உருவம் சிறியதாக இருப்பதால் கவனம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இதன் உச்சம்தான் “டீகப்” வியாபாரம். டீகப் என்று ஓர் இனமே கிடையாது. எந்தக் கென்னல் கிளப்பும் அதை அங்கீகரிக்கவில்லை. ஓர் ஈற்றில் பிறந்த நோஞ்சான் குட்டிகளைப் பொறுக்கி, அவற்றையே இணைசேர்த்து, போதாக்குறைக்கு வயது குறைந்த குட்டியையும் காட்டி விற்கிறார்கள். “நாற்பத்தைந்து நாள் குட்டி” என்பது நம் சந்தையில் பழகிப்போன பேச்சு. 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனவிருத்தி விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இது வெறும் காகித விவகாரம் இல்லை. டாய் இனக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பே கிடையாது. ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து விழுந்துவிடும். காலையில் பூட்டிவிட்டு மாலையில் திரும்பும் வீடுகளுக்குத்தான் இந்தக் குட்டிகள் “வேலை வைக்காத நாய்” என்று விற்கப்படுகின்றன.

உடம்பை விடுவோம், குணத்துக்கு வருவோம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர்களிடமும் வீட்டாரிடமும் அதிகம் சீறும் இனங்களின் முன்வரிசையில் டாக்ஸ்ஹண்டும் சிவாவாவும் இருந்தன. அது பிறவிக் குணம்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. 2010-இல் வியன்னாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது: சின்ன நாய் வளர்ப்பவர்கள் அதற்குக் குறைவாகவே பயிற்சி தருகிறார்கள், ஒரு நாள் கண்டிப்பதை மறுநாள் கண்டுகொள்வதில்லை. லாப்ரடார் உறுமினால் வீடே பதறுகிறது; பாம் உறுமினால் “கோபத்தைப் பாரு” என்று கொஞ்சுகிறோம். பயந்துபோன ஒரு பிராணி “என்னைத் தூக்காதே” என்று சொல்வதுதான் அந்த உறுமல். சொல்லிப் பார்த்துப் பயனில்லை என்றால் அது கடிக்கும். கடித்த பிறகு நாய் மேல் பழி போடுவோம்.

குழந்தைக்குச் சின்ன நாய்தான் சரி என்பதும் இப்படித்தான். நான்கு வயதுப் பிள்ளை முப்பது கிலோ நாயைத் தூக்கிக் கீழே போடாது. இரண்டு கிலோ நாயைப் போட்டுவிடும். பொம்மை போல இருப்பதைப் பிள்ளை பொம்மையாகத்தான் நடத்தும்.

அபார்ட்மெண்ட் சங்கத்தில் சின்ன நாய்க்குத்தான் அனுமதி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, சின்ன நாய்க்கு ஒரு நியாயம் பெரிய நாய்க்கு ஒரு நியாயம் என்று பிரிக்கவும் முடியாது என்று தெளிவாகவே இருக்கிறது. தவிர, அக்கம்பக்கத்தார் புகார் சொல்வது நாயின் உருவத்தைப் பற்றி இல்லை, குரைப்பைப் பற்றி. காலையும் மாலையும் நன்றாக நடந்துவிட்டு வந்து தூங்கும் பெரிய நாயைவிட, பால்கனியே உலகமென்று அடைந்து கிடக்கும் சின்ன நாய்தான் லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைத்துத் தீர்க்கும்.

சின்ன நாயே கூடாது என்பதல்ல என் வாதம். முட்டிவலி உள்ள ஒரு பாட்டியால் ராஜபாளையத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆறு கிலோ நாயை ஆட்டோவில் மடியில் வைத்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம். தீனிச் செலவும் குறைவு. இந்த வசதிகள் உண்மை. ஆனால் சின்ன நாய்களுக்கு ஆயுள் கூடுதல். பதினாலு, பதினைந்து வருஷம் சாதாரணமாக இருக்கும். எழுபது வயது அம்மாவுக்குக் குட்டி வாங்கித் தரும் பிள்ளைகள், அவருக்குப் பின் அந்த நாயை யார் வைத்துக்கொள்வது என்பதையும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும்.

ஆகவே பாமா, பக்கா, ஷிட்ஸுவா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், காலையும் மாலையும் யார் நடக்கக் கூட்டிப்போவார்கள், பல்லையும் முடியையும் யார் பார்ப்பார்கள் என்று முதலில் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பிறகு குட்டியின் தாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பக் என்றால் அந்தத் தாய் நாலு தப்படி ஓடிவிட்டு எப்படி மூச்சு வாங்குகிறது என்று நின்று கவனியுங்கள். இருப்பதிலேயே சின்னக் குட்டியைக் கேட்காதீர்கள். யாரோ கைவிட்டு, காப்பகத்தில் இருக்கும் வளர்ந்த சின்ன நாயை எடுத்தால் அதன் குணமும் உடம்பும் முன்கூட்டியே தெரிந்துவிடும். நம்மூர்த் தெருநாய்க் குட்டியை எடுத்தால் வெயில் கவலையே இல்லை. முதல் கேள்விகளுக்குப் பதிலாக ஒரு பெயரும் வரவில்லையா? அப்படியானால் அந்த வீட்டுக்குப் பெரிய நாயும் வேண்டாம், சின்ன நாயும் வேண்டாம்.