நோன்புக் கஞ்சி

சித்திரை மாதத்து மதுரை வெயிலை அனுபவித்தறியாத நேயர்கள் பாக்கியசாலிகள். நண்பகலில் மாசி வீதிகளில் நிழலைத் தேடி ஒதுங்காதவர் இல்லை. வைகை மணலோ அடுப்பில் ஏற்றிய வாணலியைப் போலக் காய்ந்து கிடக்கும். நீர்மோரும் பானகமும் இல்லாவிட்டால் மதுரைவாசிகளின் கதி என்னவாகும் என்று நாம் பல முறை யோசித்ததுண்டு. அப்பேர்ப்பட்ட வெயிலில், விடியுமுன் தொடங்கி அந்தி சாயும் வரையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தாமல், மூட்டை சுமந்தும், தையல் யந்திரம் மிதித்தும், கடையில் நின்று வியாபாரம் செய்தும் பொழுதைக் கழிப்பதென்றால் அது சாமானியமான காரியமா?

நல்ல வேளையாக, ரம்ஜான் மாதம் எப்பொழுதும் கோடையிலேயே வருவதில்லை. பிறையைக் கொண்டு கணக்கிடும் இஸ்லாமிய வருஷம், நம் வழக்கிலுள்ள வருஷத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகையால் ரம்ஜான் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. 2020-இல் சித்திரையில் தொடங்கிய நோன்பு, 2025-இல் மாசியிலேயே தொடங்கிவிட்டது. 2030-இல் மார்கழிக் குளிரில் வரும். கோடையை ஏழைக்கும் குளிர்காலத்தைப் பணக்காரனுக்கும் ஒதுக்கிவைக்க இந்தக் கணக்கில் இடமில்லை.

நோயாளிகள், பிரயாணிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு விலக்கு உண்டு. விட்ட நோன்புகளை அவர்கள் பிறகு நோற்கலாம். இனி என்றைக்குமே நோற்க இயலாத முதியவர், ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். ஆக, நோன்பு நோற்பவர் பசியை அறிகிறார். நோற்க முடியாதவர் பிறர் பசியைத் தீர்க்கிறார். வழிபாடும் ஈகையும் இவ்விதம் ஒரே நூலின் இரண்டு இழைகளாக இருப்பதே இந்த மாதத்தின் விசேஷம்.

மதுரைக்கு இது நேற்று வந்த வழக்கமன்று. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள காஜிமார் பெரிய பள்ளிவாசல், பாண்டியர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில் தோன்றியதென்பது அதன் மரபு. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. பழைய பாண்டிய மன்னன் ஒருவன் அதற்கு விட்ட மானியத்தை 1573-ஆம் ஆண்டு வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பார்த்தால், ஈகைக்கு மதில் எழுப்பும் வழக்கம் இவ்வூருக்குப் பழக்கமில்லை என்பது விளங்கும்.

இனி கஞ்சிக்கு வருவோம். அரபு நாட்டில் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கொண்டு நோன்பு திறப்பார்கள். நம் தமிழ்நாட்டில் அவற்றுடன் ஒரு கிண்ணம் கஞ்சியும் சேர்ந்தால்தான் நோன்பு திறந்த திருப்தி உண்டாகும். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, மல்லித் தழை, தேங்காய்ப் பால், வசதியிருந்தால் சிறிது கறி. பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு வெந்தயத்தைப் போன்ற உபகாரி வேறில்லை. பிற்பகலிலேயே பள்ளிவாசலில் பெரிய அண்டாக்கள் அடுப்பேறிவிடும். அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளிகளுடன் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

இந்த வரிசையைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம். அதில் ஜவுளிக்கடை முதலாளியின் பேரனும் நிற்பான். அக்கடையில் கூலி வேலை செய்பவரின் மகளும் நிற்பாள். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பத்துப் பையனும் பாத்திரத்தை நீட்டுவான். கரண்டிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. வாங்குபவர் அனைவரும் ஒன்றாக நின்று வாங்குவதால், “இவன் இல்லாதவன்” என்று ஒருவரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. பசித்தவனின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே அவன் வயிற்றை நிரப்பும் உபாயம் இதைவிடச் சிறந்தது எது?

ஜக்காத் விஷயமும் இப்படித்தான். ஒருவரிடம் குறிப்பிட்ட அளவுக்குமேல் செல்வம் ஓராண்டு தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு 25,000 ரூபாய். குடியிருக்கும் வீட்டுக்கும் தொழில் செய்யும் கருவிக்கும் ஜக்காத் இல்லை. பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர். ஏழைகளும் வழிப்போக்கர்களும் மட்டுமல்ல, கடனில் மூழ்கியவர்களும் அதில் அடக்கம். இது கொடுப்பவரின் தயவு அன்று, பெறுபவரின் உரிமை. தவிர, பெருநாள் தொழுகைக்கு முன்பே, வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு தானியம் என்று பித்ரா கொடுத்துவிட வேண்டும். பண்டிகையன்று எந்த அடுப்பும் பூனை தூங்கும் அடுப்பாக இருக்கலாகாது என்பதே அதன் கருத்து.

சட்டம் இவ்வளவு அழகாக இருந்தும் மனிதர்கள் அதைக் கெடுத்துவிடுவதுண்டு. கொடுப்பதை ஊரறியக் கொடுக்கும் ஆசைதான் காரணம். 2023-ஆம் ஆண்டு ரம்ஜான் மாதத்தில் யேமன் நாட்டின் ஸனா நகரில், ஒரு பள்ளிக்கூடத்தில் பணம் வழங்குவதாகக் கேள்விப்பட்டு ஏழை ஜனங்கள் திரண்டார்கள். நெரிசலில் 75-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ரம்ஜானில் கராச்சியிலும் ஓர் ஆலை வாயிலில் இத்தகைய துயரம் நேர்ந்தது. கொடுத்தவரின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் பசித்தவர்களைக் கூட்டமாக வரவழைத்துக் கதவுக்கு வெளியே நிறுத்திவைப்பது ஈகையின் இலக்கணமாகாது. இரகசியமாக ஏழைக்குக் கொடுப்பதே மேல் என்றும், சொல்லிக் காட்டினால் தர்மம் பயனற்றுப்போம் என்றும் இஸ்லாம் போதிக்கிறது.

இதைக் கேட்டு நம்மில் யாரும் பெருமிதப்பட வேண்டியதில்லை. கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே தெரியாதபடி அதன்மேல் “உபயம்” என்று குலம் கோத்திரத்துடன் எழுதிவைப்பவர்கள் நம் கூட்டத்திலும் இருக்கிறார்கள் அல்லவா?

2020-ஆம் ஆண்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொள்ளை நோய்க்கு அஞ்சி ஊரடங்கியிருந்த அந்தச் சித்திரையில், ஏப்ரல் 25-இல் நோன்பு தொடங்கியது. மே 4-இல் மீனாட்சி திருக்கல்யாணம் பட்டர்கள் சிலர் மட்டுமே கூடி நடந்தேற, ஜனங்கள் வீட்டிலிருந்தபடி இணையத்தில் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை இல்லை. கஞ்சி அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. அரசாங்கம் கஞ்சிக்காகத் தமிழ்நாட்டின் 2,895 பள்ளிவாசல்களுக்கு அளித்த 5,450 டன் அரிசி, அவ்வாண்டு அரிசியாகவே வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஏற்பாடாயிற்று.

வரிசை இல்லாத அந்த ஆண்டில் அரிசி வீடு தேடிப் போயிற்று. பசித்தவனுக்குத் தலைகுனிவு இல்லாமல் கொடுக்க இரண்டே வழிகள்தாம் உண்டு போலும். எல்லாரும் ஒன்றாக வாங்க வேண்டும். அல்லது ஒருவரும் பார்க்காமல் கொடுக்க வேண்டும். மற்றெல்லாம் நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கொடையையும் இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது நாளும் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து, குடும்பத்தாருக்குச் சஹர் உணவு சமைத்துவிட்டு, தாமும் நோன்பிருந்து, மாலையில் மறுபடியும் அடுப்படிக்குப் போகும் தாய்மார்களின் கொடை அது. அதற்கு எந்த விளக்கிலும் உபயம் எழுதுவாரில்லை. அடுத்த ரம்ஜானில் அண்டை வீட்டிலிருந்து கஞ்சி வந்தால், நேயர்களே, பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நம் வீட்டில் உள்ளது எதுவோ, அதில் கொஞ்சம் அதில் போகட்டும்.