மிதித்தால் தாங்கும் எண்ணெய்



சென்ற மாதம் பள்ளிக்கூட வாசலில் ஒரு தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“சார், எங்க வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர். மகன் டவுன்லேருந்து ஒரு மிதிக்கிற மிசின் வாங்கிக் கொடுத்திருக்கான். முதல்ல கனமா இருக்கு. கால் மணி நேரம் போனா லேசாயிடுது. ‘கால்ல பலம் வந்துடுச்சு’ன்னு அவரு சொல்றாரு. ‘மிசின் கெட்டுப் போச்சு’ன்னு நான் சொல்றேன். எது சார் சரி?”

இரண்டுமே சரியில்லை. ஆனால் கேள்வி அருமையான கேள்வி. இன்று தோட்டத்து வீடுகளிலும் டவுன் அடுக்குமாடிகளிலும் இந்தச் சிறு இயந்திரம் புகுந்துவிட்டது. அதை நம்பி ஏறுகிறவர்களில் பலர் வயதானவர்கள், வியாதிக்காரர்கள். ஆகவே அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஊசிக் குழாய் சொல்லும் பாடம்

இந்த இயந்திரத்தில் இரண்டு மிதிபடிகள். ஒன்றை அழுத்தினால் அது இறங்கும், மற்றது ஏறும். ஒவ்வொரு மிதிபடியின் கீழும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அப்சோர்பரைப் போல ஓர் உருளை இருக்கும். உருளைக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு தட்டு, அந்தத் தட்டைத் தள்ளும் ஒரு தண்டு. தட்டில் சிறு துளை. காலால் மிதிக்கும்போது தட்டு நகரும். நகர வேண்டுமானால் ஒரு பக்கத்து எண்ணெய் அந்தச் சிறு துளை வழியாக மறுபக்கம் போயாக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மருந்து ஊசி போடும் பிளாஸ்டிக் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். ஊசி இல்லாமல் தண்ணீரைத் தள்ளினால் சர்ரென்று போகிறது. ஊசியை மாட்டியதும் மெதுவாகத்தான் போகிறது. அவசரப்பட்டு அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கிறது. நிதானமாக அழுத்தினால் வலிக்காமல் போகிறது. வழி குறுகினால் எதிர்ப்பு கூடும், வேகம் கூடினாலும் எதிர்ப்பு கூடும். மிதிக்கும் வேகத்தை இரு மடங்காக்கினால், எண்ணெய் எதிர்த்து நிற்பதும் இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும்.

இதில் ஒரு நன்மை உண்டு. இரும்புக் குண்டு தூக்குகிறவர் கையை விட்டால் குண்டு காலில் விழும். எண்ணெயோ தானாக யாரையும் தள்ளாது. நீங்கள் தள்ளினால் தாங்கும், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். கதவு படாரென்று அடிக்காமல் மெல்லச் சாத்திக்கொள்ள, மேலே ஒரு கருவி பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் இதே எண்ணெய், இதே துளை.

லோரியின் பிரேக்கிலும் எண்ணெய் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே எண்ணெய்க்கு வேலை வேறு. ஓட்டுநர் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்று பிரான்ஸ் நாட்டுப் பாஸ்கல் என்ற அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்னார். அது பிரேக்கின் கதை. மிதிபடியின் எண்ணெய் எதையும் எங்கும் கொண்டுபோவதில்லை. உங்கள் உழைப்பை வாங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், முழு எடையும் கொடுத்து மிதிபடியை ஏறக்குறைய ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் இறக்குகிறார். இரண்டு விநாடிக்கு ஒரு மிதி. அந்த உழைப்பைக் கணக்கிட்டால் சுமார் 60 வாட் வருகிறது. அந்நாளில் லயத்து வீட்டில் எரிந்த 60 வாட் குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். கால் மணி நேரம் எரிந்த பல்பை வெறுங்கையால் தொட முடியுமா? அதே அளவு சக்தி இங்கே இரண்டு சிறு உருளைகளுக்குள் போய் அடைகிறது. உருளை சூடேறாமல் என்ன செய்யும்?

சூடேறினால் எண்ணெய்க்கு என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போத்தலிலிருந்து ஊற்றும்போது கெட்டியாக வழிகிற எண்ணெய், சட்டியில் காய்ந்ததும் தண்ணீராக ஓடுகிறது. அதே தேங்காயெண்ணெய் கேமரன் மலைக் குளிரில் உறைந்து வெண்ணெய்போல் ஆகிவிடுகிறது. உருளைக்குள் இருக்கும் எண்ணெயும் அப்படித்தான். சூட்டில் இளகுகிறது, துளை வழியாகச் சுலபமாக ஓடுகிறது, மிதிபடி சட்டென்று இறங்குகிறது.

அந்தத் தாயாருக்குப் பதில் இதுதான். பலம் வந்துவிடவில்லை, இயந்திரமும் கெடவில்லை. எண்ணெய் இளகியிருக்கிறது. சற்று நேரம் ஆறவிட்டால் பழைய கனம் திரும்பி வரும்.

எண்ணிக்கையை நம்பலாமா?

இயந்திரத்தின் முன்னால் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் எண்கள் ஓடும். எத்தனை மிதி, எத்தனை கலோரி என்று காட்டும். மலிவான இயந்திரங்களில் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது மிதியின் எண்ணிக்கையும் நேரமும்தான். உங்கள் எடை அதற்குத் தெரியாது. எண்ணெய் சூடாகிவிட்டது என்பதும் தெரியாது. மிதிபடி இலேசானதும் எண்கள் வேகமாக ஏறும், மனம் குளிரும். ஆனால் முதல் நூறு மிதியும் கடைசி நூறு மிதியும் ஒன்றல்ல.

எண்ணைப் பார்க்காதீர்கள், மூச்சைக் கவனியுங்கள். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த அளவு இருந்தால் உடம்பு நடுத்தரமாக உழைக்கிறது என்று பொருள். ஒரு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினால், அது மிஞ்சிவிட்டது.

இன்னொன்று. பல சிறு இயந்திரங்களில் முன்னால் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் கனம் கூடும் என்று நினைக்கிறார்கள். அநேகமாக அது மிதிபடி ஏறி இறங்கும் உயரத்தைத்தான் மாற்றும். உருளையின் மேலேயே எண் போட்ட வளையம் இருந்தால் அதுதான் துளையைக் குறுக்கி விரிக்கும் வளையம். அதை மாற்றும்போது இரண்டு உருளையிலும் ஒரே எண்ணில் வையுங்கள்.

எப்போது உண்மையிலேயே கெட்டது?

ஆறின பிறகும் கனம் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும். தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தாலோ, தரையில் சொட்டு விழுந்திருந்தாலோ, உள்ளே அடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் போன இடத்தில் காற்று நுழையும். காற்று எதிர்த்து நிற்காது. மிதித்ததும் படி சற்றுத் தூரம் வெறுமனே விழுந்து, பிறகுதான் பிடிக்கும். வயதானவர் தடுமாறி விழ அது போதும். அன்றே மிதிப்பதை நிறுத்திவிடுங்கள்.

வெளியே கிரீஸ் தடவுவதாலோ, தேங்காயெண்ணெய் விடுவதாலோ அது சரியாகாது. உருளையை அறுக்கவும் வேண்டாம், நெருப்பில் காட்டவும் வேண்டாம். அடைபட்ட உருளை சூட்டில் வெடிக்கக் கூடும். அதே அளவு உருளை கிடைத்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் ஒரு கால் கனமாகவும் ஒரு கால் இலேசாகவும் நொண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் தண்டு துருப்பிடித்தால் அந்தத் துருவே ரப்பரைக் கிழித்துவிடும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு

2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியல்ல. மலைக்காட்டில் நிரை பிடித்து, பால் வாளியைக் காண்டாக்கம்பில் சுமந்து ஏறி இறங்கிய காலத்தில் நம்மவர் காலுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. வேலை நின்றது, சோற்றின் அளவு நிற்கவில்லை. மகன் வாங்கிக் கொடுத்த மிதிபடி அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யும். ஆனால் சில விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும்.

நெஞ்சு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பசியாறாமல் ஏற வேண்டாம். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே இறங்கி இனிப்பாக ஏதாவது குடியுங்கள். வெறுங்காலோடு மிதிக்காதீர்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்கு உராய்வும் தெரியாது, சுட்ட உருளையும் தெரியாது. சுவரோரம் வைத்து ஒரு கையால் பிடித்துக் கொள்ளுங்கள். பத்து நிமிடம் மிதித்து, உருளையை ஆறவிட்டு, மாலையில் இன்னொரு பத்து நிமிடம் மிதியுங்கள். மிதித்து முடித்ததும் குழந்தைகள் உருளையைத் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மிதிபடி இல்லாத வீட்டாருக்கு மனக்குறை வேண்டாம். அடுக்குமாடியின் படிக்கட்டுக்கு எண்ணெயும் வேண்டாம், திருகும் வேண்டாம். பத்து மலையின் 272 படிகளும் இன்று வரை இளகியதில்லை. முதல் படிக்கு எவ்வளவு உழைப்போ அவ்வளவே கடைசிப் படிக்கும். வீட்டில் அப்பாவுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கும் பிள்ளைகள், அதோடு தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள். அவர் பதில் சொல்லும் மூச்சிலேயே எவ்வளவு மிதித்தார் என்பது தெரிந்துவிடும்.