தாத்தா காருக்குத் தட்டு பிரேக்

இந்த வாரம் உங்களைச் சமையலறையிலிருந்து கொஞ்சம் கார் ஷெட் பக்கம் அழைத்துப் போகப் போகிறேன். "பிரேக்கைப் பற்றி நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டியை ஓட்டுகிறவர் யாராயிருந்தாலும், பின் ஸீட்டில் குழந்தைகளோடு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாம்தானே?

எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸடர் இருக்கிறது. மார்க் 2. என் மாமனார் 1966-ல் வாங்கியது. அவர் காலமான பிறகும் அதற்கு வாரம் தவறாமல் ஸ்நானம் உண்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் உண்டு. என் கணவர் அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவிடமாட்டார். "அப்பா வைத்தபடியே இருக்கட்டும்" என்பார். எனக்கும் அதில் பெருமைதான், போன வருஷம் மே மாதம் வரையில்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் நான், மாமியார், இரண்டு பேரக் குழந்தைகள். பர்லியாறு நெருங்கும்போது அவர் முகம் மாறியது. பெடலை ஒரு முறை மிதித்தார். மறுபடியும் மிதித்தார். "என்ன?" என்றேன். "ஒன்றுமில்லை" என்றார். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த 'ஒன்றுமில்லை'யின் அர்த்தம் தெரியாதா? கியரைக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச் சுவர் ஓரமாக ஒரு வழியாய் நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம். "பாட்டி, தோசை தீயுதா?" என்று கேட்டாள் பேத்தி. பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அரை மணி ஆறவிட்ட பிறகு பிரேக் பிடித்தது! மெதுவாக இரண்டாவது கியரிலேயே இறங்கிக் கீழே வந்து சேர்ந்தோம்.

"அது எப்படி? போன பிரேக் தானே திரும்பி வருமா?" என்று ஊருக்கு வந்ததும் எங்கள் மெக்கானிக்கைக் கேட்டேன். எழுபது வயதுக் கிழவர். என்னை உட்காரவைத்து விளக்கினார்.

அந்தக் காலத்துக் கார்களில் சக்கரத்துக்குள் ஒரு டிரம் இருக்கும். மூடி போட்ட பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து பாத்திரத்தின் உட்சுவரை உரசி நிறுத்தும். உரசினால் சூடு. மூடிய பாத்திரத்தில் சூடு சீக்கிரம் வெளியேறாது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கும் பிடிப்பை இழக்கும். ஆறினால் பழையபடி பிடிக்கும். தண்ணீர் புகுந்தாலும் இதே கதைதான். உலரும் வரையில் பிடிக்காது.

டிஸ்க் பிரேக் என்பது திறந்த தட்டு. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை, காலிபர் என்ற இடுக்கி இரு பக்கமும் பிடித்து அமுக்குகிறது. தட்டில் காற்று படுகிறது, சீக்கிரம் ஆறுகிறது. தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் தெறித்துவிடுகிறது. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் 1953-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் தட்டு பிரேக்கோடு ஜெயித்த பிறகுதான் உலகம் கண் விழித்தது. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். காரில் இது வந்தது.

"அப்படியானால் நம் வண்டிக்கும் போட்டுவிடலாமே!" என்றான் பிள்ளை. கிழவர் சிரித்தார். "தம்பி, முதலில் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். மேல் கியரில் இறங்கி, வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எந்த டிரம்மும் பழுக்கத்தான் பழுக்கும். பிரேக் எண்ணெய் மாற்றி ஆறு வருஷம் ஆகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சாய் அமுங்கும்" என்றார். ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்ற பழைய டிரைவர்களின் பாடத்தை என் கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

ஆனாலும் தட்டு பிரேக் என்றதும், "அப்பா வண்டியில் கை வைக்காதே" என்று தலை நிமிர்ந்துவிட்டது! ஒரு வாரம் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஊஞ்சலில் இருந்த மாமியார்தான் வாய் திறந்தார். "ஏண்டா, கும்மட்டி அடுப்பை விட்டுக் காஸுக்கு மாறினேனே, உங்கப்பா சாப்பிடமாட்டேன்னா சொன்னார்?" அதற்கு மேல் அப்பீல் இல்லை.

வேலை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, தட்டை மட்டும் மாட்டினால் காரியம் முடியாதென்று. பிந்தி வந்த அம்பாஸடர்கள் சிலவற்றில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் கம்பெனியிலேயே வந்தது. ஆகவே ஹப், காலிபர், அதைத் தாங்கும் பிராக்கெட் எல்லாம் அதே குடும்பத்துச் சாமானாக ஒரே ஜோடியாகத் தேடினோம். கண்ட இரும்பை வெல்டிங் வைத்துத் தாங்கி செய்வது ஆபத்து என்றார் கிழவர். காலிபர் சக்கரத்தின் உட்புறம் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தார்.

டிரம்மில் ஒரு ஷூவைச் சுழற்சியே உள்ளே இழுத்து அழுத்தத்துக்குத் துணை செய்யும். தட்டில் அந்தத் துணை இல்லை. கால் வலிக்க மிதிக்க வேண்டும். அதனால் எஞ்சினின் உறிஞ்சு சக்தியால் வேலை செய்யும் பூஸ்டர் வைத்தோம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் ஒழுகினால் நாலு சக்கரமும் போயிற்று. அதை மாற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ளதைப் போட்டோம். டிரம்முக்கென்று குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு தட்டு பக்கம் இருந்தால் பாட்கள் விடாமல் உரசும், அது போயிற்று. ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது.

பின் சக்கரங்களில் டிரம்மே இருக்கட்டும் என்றார். பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வதில்லையா? அப்படியே காரின் பாரமும் முன்னால் போகும். பெரும் உழைப்பு முன் பிரேக்குக்குத்தான். பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிக்கொண்டால் வண்டி வாலைச் சுழற்றும். அதைத் தடுக்க, பின்னுக்குப் போகும் அழுத்தத்தை அளவாக்கும் வால்வு ஒன்று.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த தனி விதிகளும் அசல் உருவத்தையே கேட்கின்றன. எனவே ஆர்.டி.ஓ. காரியாலயத்திலும் இன்ஷூரன்ஸிலும் முதலில் கேட்டுக்கொண்டே ஸ்பானரை எடுங்கள்.

பழைய டிரம்களை என் கணவர் எண்ணெய் தடவி, அவருடைய அப்பாவின் பழைய வேஷ்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாமாம். மாட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் மறுபடியும் குன்னூர் போய் இறங்கினோம், இரண்டாவது கியரில்தான். பர்லியாறில் நிறுத்தி, அவர் ஒரு வார்த்தை பேசாமல் கீழே இறங்கிச் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார்.

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதோ புதுக் கார் இருக்கிறதோ, இன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், ரசத்தை ஊற்றுவதற்கு முன்னாலேயே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.