முப்பது நாள் விடுப்பு



கணக்குப் பாடம் நம்மில் பலருக்குக் கசக்கும். எனினும் இம்மாதம் உங்களை ஒரு சிறு கணக்குக்கு அழைக்கிறேன். சபர் சென்று பிழைத்த நம் முந்தைய தலைமுறையினரை எண்ணிக்கொள்ளுங்கள். நிக்காஹ் முடிந்து நாற்பதாம் நாளோ அறுபதாம் நாளோ விமானம் ஏறியவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் ஊர் வந்தார். முப்பதாண்டு இல்லறத்தில் அத்தகைய விடுப்புகள் பதினைந்து. பதினைந்தை இரண்டால் பெருக்கினால் முப்பது மாதங்கள். அதாவது, முப்பதாண்டு மணவாழ்வில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தது இரண்டரை ஆண்டுகள்தாம். எஞ்சிய இருபத்தேழரை ஆண்டுகளைக் கடிதமும், ஒலிநாடாவும், பின்னர் தொலைபேசியும் தின்று தீர்த்தன.

அந்தத் தியாகத்தால் எழுந்த வீடுகள் நம் தெருக்களில் இன்றும் நிற்கின்றன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வீடுகளின் முற்றத்தில் தனித்திருந்த பெண்களின் கண்ணீரையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இன்றைய தலைமுறை வேறு வழியைத் தேர்ந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம் ஊதியம் உடையவர், அல்லது 3,000 திர்ஹத்துடன் குடியிருப்பும் வழங்கப்பெற்றவர், குடும்பத்தைத் தம் பொறுப்பில் அழைத்துக்கொள்ளலாம். ஆகவே இளைஞர்கள் பலர் துணைவியருடன் ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரும் அவ்வாறே ஷார்ஜாவில் இல்லறம் நடத்துகிறார். அவருடைய துணைவியார் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். சென்ற விடுப்பில் இருவரும் எங்கள் இல்லம் வந்திருந்தனர். அவர் என்னிடமும், துணைவியார் என் வீட்டாரிடமும் பகிர்ந்துகொண்ட செய்திகளே இக்கட்டுரைக்குக் கருவாயின. அவர்களின் ஒப்புதலோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

சேர்ந்து வாழ்வதனாலேயே தனிமை நீங்கிவிடுவதில்லை என்பதே அப்பெண் முதலில் கூறியது. கணவர் பொழுது புலரும் முன்னரே துபாய்ச் சாலையின் நெரிசலை நோக்கிப் புறப்படுகிறார். இரவு எட்டுக்குத் திரும்புகிறார். இடைப்பட்ட பதினான்கு மணி நேரம் நான்கு சுவர்களும் ஒரு சன்னலும்தாம் அவருக்குத் துணை. "லாத்தா, அந்த ஊரை அவர் அறிவார், நான் அவரை மட்டுமே அறிவேன்" என்று அவர் சொன்னதாக என் வீட்டார் கூறியபோது, நான் நெடுநேரம் பேசாதிருந்தேன்.

அமீரகச் சட்டப்படி, ஓராண்டு பணி நிறைவு செய்த ஊழியருக்கு ஆண்டுக்கு முப்பது நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. அந்த முப்பது நாளில் ஒன்பது நாளை ஸ்பெயினுக்கும், இருபத்தொரு நாளை ஊருக்கும் என்று இவ்விருவரும் பங்கிட்டனர். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. ஈன்றவள் வழிபார்த்து நிற்க, ஐரோப்பா என்ன அவசரம் என்று கேட்டனர். இக்கேள்விக்கு விடை தேடும் முன், அந்த ஒன்பது நாள் என்ன தந்தது என்பதைக் கேளுங்கள்.

ஐரோப்பியப் பயணத்திற்கான ஷெங்கன் விசா வேலையை முழுவதும் துணைவியாரே ஏற்றுக்கொண்டார். லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985இல் கையெழுத்தாகி, 1995இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. ஒரே விசாவில் இன்று 29 நாடுகளுக்குச் செல்லலாம். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. நிறுவனத்தின் சான்றுக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகிய அனைத்தையும் அவர் கோப்பில் அடுக்கினார். மூன்றாண்டுகளாக அடுக்களை அலமாரியை மட்டும் அடுக்கிய கை அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்து செல்வோர் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் புறப்படுவர். அம்மாதங்களில் குர்துபாவின் வெயில் நாற்பது பாகையைத் தாண்டுவதும் உண்டு. வெயிலுக்குத் தப்பி வெயிலிலேயே விழுந்த கதையாகும். இவர்கள் ஏப்ரலைத் தேர்ந்தனர். மத்ரீதிலிருந்து குர்துபாவுக்கு விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சூரியன் மறைய இரவு ஒன்பதை ஒட்டி ஆயிற்று. எனவே தொழுகை நேரங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டனர். செல்ல விரும்பும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நான்கு ரக்அத் தொழுகைகளைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹருடன் அஸரையும், மஃரிபுடன் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் சுருக்குவர், சேர்ப்பதில்லை. ஓரூரில் எத்தனை நாள் தங்கினால் இச்சலுகை முடியும் என்பதிலும் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு. புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உணவில் இடர் இருந்தது. பன்றித் தொடை இறைச்சியை அந்நாட்டார் 'ஹாமோன்' என்பர். பல உணவுகளில் அது கேளாமலேயே வந்து சேரும். அந்த ஒரு சொல்லையும், வேண்டாம் என்பதற்கான சொல்லையும் கற்றுக்கொண்டு, மீனும் முட்டையும் காய்கறியுமாக இருவரும் சமாளித்தனர். கிரானடாவில் மொரோக்கோ நாட்டவர் நடத்தும் கடைகள் கைகொடுத்தன.

குர்துபாப் பெரும்பள்ளியை முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கினார். பின்வந்தோர் விரித்துக் கட்டினர். செம்மையும் வெண்மையும் மாறிமாறி அமைந்த இரட்டை வளைவுகளைத் தாங்கி 850க்கும் மேற்பட்ட தூண்கள் அங்கே நிற்கின்றன. 1236இல் நகரம் கைமாறியபோது அது தேவாலயமாக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே பெரிய வழிபாட்டுக் கூடம் ஒன்றையும் எழுப்பினர். இன்று அங்கு முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. "ஹஜ்ரத், மிஹ்ராபின் முன் நின்றேன். கை தானாகத் தக்பீருக்கு உயரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்" என்றார் மாணவர். பிறர் இல்லத்தில் அவர்களின் ஒழுங்கை மீறாமல் வெளியே வந்து, தங்கிய அறையில் இருவரும் தொழுதிருக்கின்றனர். அது சரியான நடத்தை என்றே நான் கருதுகிறேன். உரிமைக் குரலை எழுப்ப வேறு களங்கள் உண்டு. விருந்தினராகச் சென்ற இடம் அதற்குரியதன்று.

கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகைக்கு முன்பதிவு இன்றிச் செல்வது வீண். நஸ்ரு குல மன்னர்களின் அரண்மனைப் பகுதிக்குள் நுழைய நேரம் குறித்தே சீட்டுத் தருவர். பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் நீர்த்தொட்டியும், மலையிலிருந்து கால்வாய் வழியே கொண்டுவந்த நீரும் இன்றும் அங்கே பேசிக்கொண்டிருக்கின்றன. சுவர்கள் எங்கும் அம்மன்னர்களின் முத்திரை வாசகம் அரபியில் செதுக்கப்பட்டுள்ளது: வெற்றியாளன் அல்லாஹ்வையன்றி வேறில்லை என்பது அதன் பொருள். அதைச் செதுக்கிய குலத்தின் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ், 1492 ஜனவரி 2ஆம் நாள் அந்நகரின் திறவுகோலை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். தம் தோல்விக்கான விளக்கத்தைத் தம் சுவரிலேயே எழுதிவைத்திருந்தவர்கள் அவர்கள். எஞ்சியிருந்து கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானவர்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரையிலான ஆண்டுகளில் நாடு கடத்தப்பட்டனர்.

இவற்றைக் கண்டு கணவர் துயருற்றிருக்க, மனைவி வேறொன்றைக் கண்டுபிடித்தார். மளிகைக் கடையில் சர்க்கரைப் பையின்மேல் 'அசூகார்' என்றிருந்தது, அரபியின் 'அஸ்ஸுக்கர்'. எண்ணெய்க்கு 'அசெய்த்தே', அது 'அஸ்ஸைத்'. அரிசி 'அர்ரோஸ்', அது 'அர்ருஸ்'. தலையணையோ 'அல்மொஹாதா', அது 'அல்மிகத்தா'. குர்துபாவின் ஆறாகிய குவாதல்கிவீரும் 'அல்வாதி அல்கபீர்' என்பதன் திரிபே. அரசு போயிற்று; அரண்மனை காட்சிப் பொருளாயிற்று; சமையலறையிலும் படுக்கையிலும் வழங்கிய சொற்களோ போகவில்லை! சகோதரியரே, ஒரு நாகரிகத்தின் நிலைத்த பகுதி உங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்நகரின் அல்பைசீன் குன்றில் 2003ஆம் ஆண்டு புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிரே அல்ஹம்ராவும், அதற்கப்பால் பனிமலையும் தெரியும். அங்கே ஜமாஅத்துடன் தொழுததைச் சொல்லும்போது மாணவரின் குரல் தழுதழுத்தது.

இன்னொரு தொடர்பை அவர்களுக்கு நான் எடுத்துரைத்தேன். தஞ்சீரில் பிறந்த இப்னு பதூதா, 1340களில் நம் மதுரையில் ஆண்ட சுல்தானின் அவைக்கு வந்தவர். அச்சுல்தானும் அவரும் ஒரே குடும்பத்தில் பெண்ணெடுத்த சகலைகள். அதே பயணி 1350இல் கிரானடாவுக்கும் சென்றார். அங்கே குடியேறியிருந்த தர்வேஷ்களுள் இந்தியாவிலிருந்து வந்தோரையும் கண்டதாக அவர் பயணநூல் குறிக்கிறது. ஆக, நம் மண்ணுக்கும் அம்மண்ணுக்கும் இடையே கால்தடம் விழுந்து அறுநூறாண்டுகளுக்கு மேலாகிறது. வைகைக் கரையையும் கிரானடாவின் தோட்டங்களையும் ஒரே ஆயுளில் கண்ட கண்கள் அவருடையவை.

இனி, அந்த ஒன்பது நாள் இல்லறத்துக்குத் தந்ததைப் பார்ப்போம். ஷார்ஜாவில் கணவர் வழி தெரிந்தவர், மனைவி அவர் பின்னே செல்பவர். ஸ்பெயினிலோ இருவரும் வழி தெரியாதவர்கள். வரைபடத்தை மனைவி வாசிக்க, பெட்டியைக் கணவர் சுமந்தார். தவறான தெருவில் திரும்பியபோது இருவரும் சேர்ந்து சிரித்தனர். மூன்றாண்டுகளில் பேசாத பேச்சை ஒன்பது நாளில் பேசித் தீர்த்தோம் என்று இருவருமே தனித்தனியே எங்களிடம் கூறினர். பயணத்தில்தான் ஒருவரின் குணம் வெளிப்படும் என்று நம் முன்னோர் சொல்வர். அக்குணத்தை மணம் முடித்த பின்னராவது அறிந்துகொள்வது ஆடம்பரமன்று.

ஆனால் எவரும் கடன் வாங்கி ஐரோப்பா செல்ல இதை ஆதாரமாக்க வேண்டாம். வெளிநாட்டு ஊழியருக்கு அமீரகத்தில் முதுமைக்கால ஓய்வூதியம் இல்லை. பணி நிறைவுக் கொடையாக முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாளின் அடிப்படை ஊதியமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாளின் அடிப்படை ஊதியமும் சட்டம் தருகிறது. மொத்தம் இரண்டாண்டு ஊதியத்தைத் தாண்டாது. பணியைச் சார்ந்த குடியிருப்பு அனுமதியோ, பணி முடிந்தால் சிறிது அவகாசத்தோடு தானும் முடிந்துவிடும். எண்ணூறு ஆண்டளவு வாழ்ந்தவர்களுக்கே அந்தலூஸ் நிலைக்கவில்லை. இரண்டாண்டு அனுமதியில் வாழ்வோர் எத்துணை விழிப்புடன் இருக்க வேண்டும்! கடன் அடைந்ததா, ஸகாத் கொடுத்தாயிற்றா, ஹஜ் கடமையாகியிருப்பின் அதற்கு ஏற்பாடு உண்டா, ஆறு மாதச் செலவு கையிருப்பில் உள்ளதா என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே விமானச் சீட்டைப் பற்றி எண்ணுங்கள். இவ்விருவரும் விடை கண்ட பிறகே சென்றனர்.

எனினும் ஐந்தாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை எழுப்பியவர் மாணவரின் உம்மா. ஊரார் பணத்தைப் பேசினர். அவர் பணத்தைப் பேசவில்லை. "எனக்கு ஒன்பது நாள் குறைஞ்சு போச்சு வாப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது. அந்தத் தாய்க்கு இன்னும் பத்தாண்டு ஆயுளை அல்லாஹ் நாடினால், ஆண்டுக்கு முப்பது நாள் வீதம் மகனோடு முந்நூறு நாள். இருபத்தொரு நாள் வீதமெனில் இருநூற்றுப் பத்து. தொண்ணூறு நாள் வேறுபாடு. இளையோருக்கு அது ஒரு பருவம். அவருக்கோ மகனுடன் எஞ்சிய வாழ்வில் பத்தில் மூன்று பங்கு. மனைவியின் தனிமையைக் கணக்கிட்ட நாம் தாயின் தனிமையைக் கணக்கிடாமல் விட்டால், முந்தைய தலைமுறையின் பிழை இடம் மாறியதேயன்றி நீங்கியதாகாது.

ஐரோப்பா செல்லாதீர் என்பதன்று என் விடை. அந்தத் தொண்ணூறு நாளை வேறு வழியில் ஈடுசெய்யுங்கள் என்பதே. மாணவரிடம் இதைக் கூறியபோது, துணைவியாரே முந்திக்கொண்டு வழி சொல்லியனுப்பினார்: குளிர்காலத்தில் ஷார்ஜாவின் வானிலை இதமானது, வருகை விசாவில் மாமியாரை இரண்டு மாதம் அழைத்து வைத்துக்கொள்ளலாம், பகலில் தமக்கும் துணையாயிற்று. ஷெங்கன் கோப்பை அடுக்கிய கை அல்லவா! கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க உம்மாவின் புகைப்படத்தை மறுநாளே எடுத்துவிட்டனர்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு விடுப்பு இருக்கும். அதன் நாட்களைப் பங்கிட அமரும்போது, மனைவியையும் அருகில் அமர்த்துங்கள்; ஊரிலிருக்கும் தாயையும் தொலைபேசியில் அழைத்து, அவருக்கு எத்தனை நாள் வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.